ஜுல்பிகர் பாய் அழித்த பதினோரு பெயர்கள்

கள்ளக்குறிச்சியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கல்வராயன் மலைக்குப் பார்சல் ஏற்றுகிற ஆள் யார் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள், ஜுல்பிகர் பாய். எட்டு வருஷமாக அவர்தான். நல்ல மனுஷர், வாயைத் திறந்து ஒரு கெட்ட வார்த்தை பேச மாட்டார், ஒரு பார்சலின் ஒட்டுத்தாளைக்கூடக் கிழித்துப் பார்த்ததில்லை. இதெல்லாம் உண்மை, ஒன்றையும் மறுப்பதற்கில்லை. அப்படிப்பட்ட மனுஷர் மூன்று மாதம் வயிறெரிந்து திரிந்தார் என்பதும் உண்மைதான். யாருக்கும் தெரியாது, அவ்வளவே.

பாய்க்கு வயது நாற்பத்து மூன்று. அவருடைய அத்தா ஷேக் தாவூது கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அத்தாவுக்குப் பிறகு கடை மூத்தவர் ரவூப் கைக்குப் போனது. கல்லாவில் உட்காருகிற முகவெட்டு தம்பிக்கு இல்லை என்று குடும்பமே முடிவு கட்டிவிட்டது. இவரும் மறுபேச்சுப் பேசாமல் ஒரு பழைய பைக்கை எடுத்துக்கொண்டு பார்சல் ஆபீசில் சேர்ந்தார். யாரும் போக மாட்டேன் என்ற மலை லைனை அவர் தலையில் கட்டினார்கள். அதை அவர் பிடித்துக்கொண்டது பிற்பாடு ஆபீசுக்கே ஆச்சரியம்.

மலையில் கதவு எண் என்று ஒன்று கிடையாது. இருந்தாலும் யாரும் எழுதுவதில்லை. விலாசம் என்ற இடத்தில் ‘பெரிய பலா மரம், கீழண்ட வூடு’ என்று இருக்கும். போன் நம்பர் இருக்கும், அடித்தால் கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டப் போன மச்சானோ தியாகதுருகத்தில் வேலை பார்க்கும் தம்பியோ எடுப்பான். ஏனென்றால் மேலே முக்கால்வாசி ஊரில் சிக்னல் கிடையாது. கீழே யாரிடம் போன் இருக்கிறதோ அந்த நம்பரைக் கொடுத்து வைப்பார்கள். எந்த நம்பர் எந்த வீட்டுக்கு உறவு, எந்த மரத்துக்குக் கீழே எந்த வீடு, யார் எந்த வேளையில் காட்டில் இருப்பார்கள், அத்தனையும் பாயின் மண்டைக்குள் இருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதி வைத்ததில்லை. எழுதி வைத்தால் வேறு எவனாவது படித்துவிட மாட்டானா?

ஒரு மொபைல் கவருக்காக இருபது கிலோமீட்டர் மேலே ஏறுவார். வீடு பூட்டிக் கிடக்கும். இறங்கி வந்துவிட்டு மறுநாள் அதே கவருக்காக மறுபடி ஏறுவார். பைக் வளைவுக்கு வளைவு புகையைக் கக்கும். இடுப்பு விட்டுப் போய் வாரத்துக்கு ஒரு முறை ருக்ஷானா, அவருடைய மனைவி, சூடாக எண்ணெய் தேய்த்துவிட வேண்டும். அதிலும் பாய்க்கு ஒரு பெருமை இருந்தது. இந்தக் கஷ்டத்தை என்னைத் தவிர எவன் படுவான் என்கிற பெருமை.

போன வருஷம் ஆபீசுக்கு ஒரு மின்சார மூன்று சக்கர வண்டி வரப்போகிறது என்ற பேச்சு வந்தது. பெட்ரோல் செலவும் புகையும் குறையவேண்டும், ஒரே நடையில் நிறைய பார்சல் போகவேண்டும் என்று தலைமை ஆபீசில் முடிவெடுத்திருந்தார்கள். கிளை மேனேஜர் காசிநாதன் அப்போதே பாயைக் கூப்பிட்டு, ஆட்டோ ஓட்டுகிற லைசென்ஸ் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். பாய் ஆகட்டும் என்றார். ரம்ஜான் போகட்டும் என்றார், மழை விடட்டும் என்றார். வண்டி வந்து ஷெட்டில் நின்றபோது அவரிடம் பைக் லைசென்ஸ் மட்டும்தான் இருந்தது.

வெள்ளையும் பச்சையுமாக வண்டி அம்சமாக இருந்தது. பாய் அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். பின்னால் சாய்ந்துகொள்ள முதுகுப்பலகை இருந்தது. எட்டு வருஷத்தில் அவர் இடுப்பு கேட்டதெல்லாம் அதுதான். மறுநாள் காலை வந்து பார்த்தால் அந்த இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

அவள் பெயர் மணிமொழி. கச்சிராயபாளையத்து விவசாயி நாராயணசாமியின் மகள், இருபத்தேழு வயது. கரும்பு லோடு டிராக்டரே ஓட்டியவள், லைசென்ஸெல்லாம் கையில் தயாராக வைத்திருந்தாள். காசிநாதன் எல்லோர் முன்னாலும் விஷயத்தைச் சொன்னார். மூன்று மாதம் சோதனை ஓட்டம். மலை லைன் மணிமொழிக்கு, அடிவாரத்துக் கிராமங்கள் பைக்கில் பாய்க்கு. கடைசி மாதத்தில் பத்துப் பார்சலுக்கு மேல் திரும்பி வராவிட்டால் வண்டி இங்கேயே நிற்கும், அவளுக்கும் வேலை நிரந்தரம். மீறினால் வண்டி வேறு ஊருக்குப் போய்விடும், அவளும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அப்படிப் போனால் லைன் தன்னிடம் திரும்பி வரும் என்று பாய் தானாகவே நினைத்துக்கொண்டார். காசிநாதன் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதல் வாரம் மணிமொழி திண்டாடினாள். வண்டி வளைவு ஏற ஏற சார்ஜ் இறங்கியது. மேலே போனால் வீடு தெரியவில்லை, போன் போகவில்லை. பாதிப் பார்சலோடு இறங்கி வந்தாள். ஒரு சாயங்காலம் பாயிடமே வந்து, நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், எந்த நம்பர் எந்த ஊர் என்று கொஞ்சம் சொல்லித் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“போவப் போவத் தெரியும்மா,” என்றார் பாய், சிரித்த முகத்தோடு.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கிலோ மட்டன் வாங்கிக்கொண்டு போனார். என்ன விசேஷம் என்று ருக்ஷானா கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னார்.

ஆனால் அந்தப் பெண் உட்கார்ந்து அழுகிற ரகமில்லை. இரண்டாவது வாரம் அவள் மேலே ஏறுவதையே விட்டுவிட்டாள். மலை ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் செந்தமிழ்ச்செல்வி என்ற அம்மாளின் கடை இருக்கிறது. முட்டை, சோப்பு, செருப்பு, ரீசார்ஜ், டீ எல்லாம் கிடைக்கும். மலைக்குப் போகிற பஸ் அத்தனையும் அங்கே நிற்கும். மணிமொழி அந்தக் கடைச் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டினாள். பார்சல்களை உள்ளே அலமாரியில் அடுக்கிவிட்டு, யார் யாருக்கு வந்திருக்கிறது என்று ஊர்வாரியாகச் சாக்பீஸால் பெரிய எழுத்தில் எழுதினாள். பஸ் நிற்கிற இரண்டு நிமிஷத்தில் ஜன்னல் வழியாகவே ஜனங்கள் படித்துவிட்டார்கள். தன் பெயர் இருந்தால் இறங்கி வாங்கிக்கொண்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் இருந்தால் அதையும் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனார்கள். எப்படியும் மேலே போகிற பஸ், அதில் பார்சலும் போனது. ஒரு பார்சலைக் கொடுத்ததும் செந்தமிழ்ச்செல்வி அந்தப் பெயரைத் துணியால் துடைத்துவிடுவாள். பெயர் இல்லையென்றால் பார்சல் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். அவ்வளவுதான் ஏற்பாடு.

சொட்டுப் பெட்ரோல் இல்லை, பூட்டின கதவு இல்லை. ஒரே நடையில் அறுபது பார்சல்.

பாய் தினமும் கச்சிராயபாளையத்து வேலையை முடித்துவிட்டு அந்தக் கடைக்கு டீக்குப் போவார். டீ அந்த ஊர் முழுக்கக் கிடைக்கிறது, அவருக்கு அங்கேதான் குடிக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து பலகையைப் பார்ப்பார். குண்டு குண்டான எழுத்து, ஒரு பிழை கிடையாது. அவர் தலைக்குள் எட்டு வருஷம் பூட்டி வைத்த பெயர்களையெல்லாம் ஒரு பெண் சுவரில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறாள். அவள் பெரிய யந்திரம் எதையாவது கொண்டுவந்து ஜெயித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஒரு பலகை, ஒரு சாக்பீஸ். இது எனக்கு ஏன் தோன்றவில்லை, எத்தனை நாள் இதே பஸ்ஸுக்குப் பின்னால் காலி ரோட்டில் இடுப்பு நோக ஏறியிருக்கிறேன் என்று நினைக்க நினைக்க டீ கசந்தது.

வீட்டில் வேறு பேச்சே இல்லாமல் போனது. அவள் இன்றைக்கு எத்தனை கொடுத்தாள், சார் அவளைப் பார்த்துச் சிரித்தார், ஆபீஸ் சுவரில் அவள் போட்டோவை ஒட்டியிருக்கிறார்கள், என் போட்டோவை எட்டு வருஷத்தில் ஒருத்தனாவது எடுத்தானா. ருக்ஷானா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

“ஒரு வேள சோறாவது அந்தப் பொண்ணப் பத்திப் பேசாம துன்னுங்களேன்,” என்றாள் ஒருநாள்.

பாய் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். தனக்கு அவள்மேல் ஒன்றுமில்லை, ஆபீஸ் நியாயத்தைத்தான் பேசுவதாகச் சொன்னார். அவரே அதை நம்பவில்லை.

மூன்றாவது மாதம் தொடங்கிய நாள் அது. செந்தமிழ்ச்செல்வி கடைக்குப் பின்னால் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பாய் பெஞ்சிலிருந்து எழுந்து பலகைப் பக்கம் போனார். சும்மா பார்க்கத்தான் போனார். மூன்றாவது வரியில் காட்டுக்கொட்டாய் அஜித் என்று இருந்தது. கட்டைவிரலை வைத்து ஒரு இழு இழுத்தார். பெயர் போய்விட்டது. விரலில் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருந்தது, அதைக் கைலியில் துடைத்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக டீ ருசித்தது.

பெயர் இல்லாததால் அஜித் கேட்கவில்லை. கேட்காததால் கடைக்கார அம்மாள் கொடுக்கவில்லை. ஏழு நாள் ஆனால் பார்சலைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். ஏழாவது நாள் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது மணிமொழிக்கு அந்தப் பார்சல் அகப்பட்டது. அவள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பெயர் எழுத மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாய் அதைப் பார்த்தார். இன்னொரு டீ சொன்னார்.

அதற்கப்புறம் அது ஒரு பழக்கமாகிவிட்டது. தினமும் இல்லை. இரண்டு நாளைக்கு ஒன்று, மூன்று நாளைக்கு ஒன்று. பலகை முழுவதையும் துடைத்தால் தெரிந்துவிடும் என்கிற புத்தியெல்லாம் அவருக்கு நன்றாகவே வேலை செய்தது. தனக்கு அவ்வளவு நெருக்கமில்லாத பெயராகப் பார்த்துத்தான் முதலில் அழித்தார். போகப் போக அந்தப் பார்வையும் போய்விட்டது. ஐந்தாவது பெயர் செவ்வந்தி.

செவ்வந்தி மேல் ஊர்க்காரி. பாய் எத்தனையோ தடவை அவள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். அவள் மகள் அந்த வருஷம் நர்சிங் படிப்பில் சேர்ந்திருந்தாள், மலையிலிருந்து அப்படிப் போன முதல் பெண். அவளுக்கு வெள்ளை ஷூவும் வெள்ளைக் கோட்டும் வரவேண்டியிருந்தது. செவ்வந்தி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து பலகைக்கு முன்னால் நின்றாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், ஒவ்வொரு வரியின் மேலும் விரலை வைத்து உதடு அசையப் படித்துக்கொண்டே கீழே வந்தாள். கடைசி வரி வரைக்கும் வந்துவிட்டு மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்தாள். கடைக்கார அம்மாளைக் கேட்டாள். அவளோ, பலகையில் இருந்தால்தான் வந்திருக்கும் என்று முட்டை எண்ணிக்கொண்டே சொல்லிவிட்டாள். பார்சல் அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டாவது தட்டில் இருந்தது. வெள்ளைப் பை. பாய் உட்கார்ந்த இடத்திலிருந்து அதன் முனை தெரிந்தது.

பழகின முகம் என்று செவ்வந்தி பாயிடம் வந்தாள்.

“இன்னா பாய், எங்க பார்சல் வர்லியா? ஷூ இல்லாம புள்ளய உள்ள வுட மாட்டேன்றாங்களாம். அழுதுக்கினே போன் பண்ணுது.”

பாய் வாயைத் திறந்தார். அதோ இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

“போர்டுல பேரு இருந்தா வந்துருக்கும்மா. புது ஏற்பாடு. நம்ம கையில இன்னா இருக்குது,” என்றார்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய் பஸ் ஏறினாள். நான்கு நாள் கழித்து மறுபடி வந்தாள், மறுபடி விரல் வைத்துப் படித்தாள், இந்தத் தடவை பாயிடம் எதுவும் கேட்கவில்லை. நீங்கள் வந்தபோது வீட்டுக்கே வரும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மூன்று மாதமாக அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவர் ஏங்கிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தபோது உடம்பெல்லாம் கூசியது. அவள் போனதும் எழுந்து பெயரை எழுதிவிடலாம் என்று சாக்பீஸைக்கூடக் கையில் எடுத்தார். அதற்குள் மணிமொழி வண்டியோடு வந்து நின்றாள். ஏழு நாள் முடிந்துவிட்டது என்று அந்த வெள்ளைப் பையை எடுத்துப் போய்த் திருப்பி அனுப்புகிற மூட்டையில் போட்டாள். முகம் வாடியிருந்தது. பாய் சாக்பீஸைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

அப்போதாவது நிறுத்தினாரா? நிறுத்தவில்லை. இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, இன்னும் பத்து நாள், லைன் கைக்கு வந்துவிட்டால் நானே எல்லோருக்கும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து ஈடு செய்துவிடுவேன் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். மாதம் முடிவதற்குள் பதினோரு பெயர் அழித்திருந்தார்.

எல்லை தாண்டிவிட்டது. ஒன்றாம் தேதி காலை காசிநாதன் எல்லோரையும் கூப்பிட்டார். திரும்பி வந்த பார்சல் அதிகமாகிவிட்டது, வண்டியை எடுத்துக்கொள்கிறார்கள், மணிமொழிக்கு இன்றோடு வேலை முடிகிறது என்று கம்மிய குரலில் சொன்னார். பாய் தரையைப் பார்த்துக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தார். அடுத்த வாக்கியம் வந்தது. வண்டியிலும் சரிப்படவில்லை, பைக்கில் அனுப்பினால் பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை, ஆகவே மலை ஊர்கள் அத்தனையையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனிமேல் மலைக்குப் பார்சலே கிடையாது. பாய்க்கு டவுனில் நான்கு தெரு.

எல்லோரும் கலைந்த பிறகும் அவர் மட்டும் மேஜைக்கு முன்னால் நின்றார். பிறகு பொலபொலவென்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்மேல் தப்பில்லை, பலகையில் பெயரை அழித்தது நான்தான், ஏற்பாடு நல்ல ஏற்பாடு, மேலே எழுதிக் கேட்டு லைனை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

காசிநாதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார். மேஜைமேல் கிடந்த ஒரு காகிதத்தைத் தள்ளினார். பெயர் எழுத நானே மறந்துவிட்டேன், தப்பு என்னுடையது என்று மணிமொழி தன் குண்டு எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

“அந்தப் பொண்ணே ஒத்துக்கினு எழுதிக் குடுத்துட்டுப் போச்சு. எட்டு வருஷமா ஒரு கம்ப்ளெய்ன்ட் இல்லாத ஆளு நீங்க. நீங்க எதுக்குப் பாய் அழிக்கப் போறீங்க?”

“வயித்தெரிச்சல் சார்.”

“உங்களுக்கா?” என்று காசிநாதன் சிரித்துவிட்டார். எழுந்து வந்து பாயின் தோளில் கை வைத்தார். பெரிய மனசு உங்களுக்கு, ஆனால் இல்லாத பழியை இப்படித் தலையில் போட்டுக்கொண்டு உள்ள வேலையையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று புத்தி சொல்லி அனுப்பிவைத்தார்.

வெளியே ஷெட்டில் மணிமொழி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொண்டுபோக வருகிறவர்களிடம் அழுக்காகக் கொடுக்கக்கூடாதாம். உள்ளே பேசினது அவளுக்குக் கேட்டிருந்தது. பாயைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

“எனக்காவப் போயி யாராவது இப்டிச் சொல்லுவாங்களா பாய்?” என்றாள்.

பொய் இல்லை, நிஜமாகவே நான்தான் அழித்தேன், இந்த விரலால் அழித்தேன் என்று பாய் கையை நீட்டினார். அவள் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். அவளை நம்ப வைக்க அவருக்கு ஒரே வழிதான் தோன்றியது. அழித்த பெயர்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். காட்டுக்கொட்டாய் அஜித்தில் தொடங்கி, ஊரோடு, வீட்டோடு, பதினொன்றையும் ஒன்று விடாமல் சொன்னார். செவ்வந்தி பெயரை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

மணிமொழி துணியைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“பதினோரு பேரும் மனசுல வெச்சிருக்கீங்களே. நான் எழுதிக்கினு போயும் மறந்தேன். இந்த லைனு உங்ககிட்டயே இருந்திருக்கணும் பாய், நான் வந்துதான் கெட்டுது.”

அவள் முகத்தில் நடிப்பு இல்லை, வருத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. வண்டி போய்விட்டது, வேலை போய்விட்டது, அப்போதும் அவளுக்கு யார்மேலும் ஒரு சந்தேகம்கூட வரவில்லை. ஜுல்பிகர் பாய் அவளை நேருக்கு நேராகப் பார்த்தார். இவளுக்கு மட்டும் எப்படி இப்படி ஒரு மனசு கிடைத்தது என்று அப்போதும் அவருக்கு வயிறு எரிந்தது.